தோற்ற ஆட்டம் பத்து

என் வீட்டில் முப்பத்திரண்டு செஸ் புத்தகங்கள் இருந்தன. அதில் இருபத்தொன்பது ஓப்பனிங் புத்தகங்கள், அதாவது ஆட்டத்தை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்பவை. முதல் பன்னிரண்டு மூவ் வரை பொன்மலையில் என்னை அசைக்க ஆள் கிடையாது. பதின்மூன்றாவது மூவிலிருந்து யார் வேண்டுமானாலும் அசைக்கலாம். இதற்கு என்ன வழி என்று தீவிரமாக யோசித்து, இன்னொரு ஓப்பனிங் புத்தகம் படித்தால் சரியாகிவிடும் என்று முடிவுசெய்து, அதைத் தேடிப் போனபோதுதான் மேடத்திடம் மாட்டினேன்.

மேடம் எங்கள் ரயில்வே பட்டறையில் ஸ்டோர்ஸ் கிளார்க். நான் ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை மேடம் என்பேன். அவருடைய கணவர் அதே பட்டறையில் வெல்டராக இருந்து நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன் பேரில் இவருக்கு வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். எங்கள் மனமகிழ் மன்றத்தில் ஒரு பீரோ நிறைய செஸ் புத்தகங்கள் உண்டு. எந்தக் காலத்திலோ செஸ் பைத்தியம் பிடித்த ஓர் அதிகாரி வாங்கிப் போட்டது. அதன் சாவியை வைத்துக்கொள்ள ஆண்கள் யாரும் முன்வராததால் மேடத்திடம் கொடுத்திருந்தார்கள். கேரம் போர்டுக்கான பவுடர் டப்பாவும் அவர் பொறுப்புதான்.

மத்தியான சங்கு ஊதியதும் போய் நின்றேன். பீரோவின் இரண்டாவது தட்டில் ஒரு தடித்த ஓப்பனிங் புத்தகம் இருந்தது. செங்கல் கனம் இருக்கும். அதைக் காட்டிக் கேட்டேன். மேடம் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தோத்த ஆட்டம் பத்து எழுதிக் கொண்டாங்கண்ணே. பாத்துட்டு எந்தப் புத்தகம்னு சொல்றேன்."

"ஜெயிச்ச ஆட்டம் நிறைய எழுதி வச்சிருக்கேன் மேடம்."

"அது எதுக்கு? அதுல அந்த ஆளுதான் தப்பு பண்ணிருப்பாரு. அந்த ஆளை வரச் சொல்லுங்க, அவருக்கு வேணா புத்தகம் தரேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஜெயித்த ஆட்டங்களின் தாள்களை மட்டுமே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அதில் ஒன்றை லேமினேஷன் வேறு செய்திருந்தேன். தோற்ற ஆட்டத்தை எவனாவது எழுதி வைப்பானா? கைக்கு வந்தபடி கசக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதானே வழக்கம். எனவே புதிதாகப் பத்து ஆட்டம் தோற்க வேண்டியிருந்தது. அது எனக்கு அவ்வளவு சிரமமாக இல்லை. ஒன்பது நாளில் முடித்துவிட்டேன்.

பத்துத் தாளையும் வாங்கி, கைப்பைக்குள் வைத்திருந்த சின்னக் காந்தப் பலகையில் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தார். நான்கு மத்தியானங்கள் ஆனது. ஐந்தாம் நாள் சொன்னார்.

"ஓப்பனிங்ல உங்களுக்கு ஒரு குறையும் இல்லண்ணே. ராணிக்கு ராணி வெட்டிக்கத்தான் பயப்படுறீங்க. பத்துல எட்டு ஆட்டம், ராணியைக் காப்பாத்தறேன்னு அங்கயும் இங்கயும் ஓடி மத்த எல்லாத்தையும் விட்டுட்டீங்க."

"பயமா? எனக்கா?"

"ஆமாங்க."

பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எண்பது பக்கம், அட்டை பாதிதான் இருந்தது. ராணிகள் போன பிறகு மிஞ்சுகிற காய்களை வைத்து எப்படி ஆடுவது என்பதைப் பற்றியது. எல்லாப் பக்கத்திலும் நாலைந்து காய்கள்தான் நின்றன. இது ஸ்கூல் பிள்ளைகள் படிக்கிற மாதிரி இருக்கிறதே மேடம் என்றேன். அதற்கும் ஆமாங்க என்றார். வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் தொடவில்லை. ரோஷம்தான், வேறென்ன.

ஒரு சமயத்தில் ஒரு புத்தகம்தான் என்பது அவர் சட்டம். அடுத்தது வேண்டுமென்றால் மறுபடி பத்துத் தோல்வி கொண்டுபோக வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை. பழைய தப்பு இருக்கக் கூடாது. "புது தப்பா கொண்டாங்க" என்பார். பழைய தப்போடு போனவர்களுக்கு அதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார். பெயிண்ட் ஷாப் ஆள் ஒருவர் ஒரே புத்தகத்தை மூன்று வருஷம் வைத்திருந்தார். அவர் வீட்டில் அதை அவருடைய சொந்தப் புத்தகம் என்றே நினைத்திருந்தார்கள். யார் என்ன தப்பு செய்கிறார்கள் என்பதை மேடம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். எனக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு.

ஒருமுறை புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். உலகச் சாம்பியன்களின் ஆட்டங்களெல்லாம் அடங்கிய பெரிய புத்தகம் வேண்டும் என்றார். மேடம் எழுந்து நின்று மரியாதையாகத் தோற்ற ஆட்டங்களைக் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, தான் போனில்தான் ஆடுவதாகவும் தோற்பது கிடையாது என்றும் சொன்னார். ஈஸி லெவலில் வைத்து ஆடுகிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

"அப்ப உங்களுக்குப் புத்தகம் தேவையில்லைங்க சார்" என்று சொல்லி, அப்படியே நோட்டிலும் எழுதிக்கொண்டார். கிண்டல் செய்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அதிகாரிக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. அவர் போனபிறகு மேடம் உட்கார்ந்து மோர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

செஸ் என்றில்லை, எதிலும் அவர் அப்படித்தான். என் மனைவி புத்தூரில் ஒரு கடைக்கு மிக்ஸி வாங்கப் போனபோது மேடத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் பத்து மிக்ஸியை எடுத்து வரிசையாக வைத்திருக்கிறார். மேடம் ஒன்றையும் தொடாமல், பழைய மிக்ஸி எதனால் போச்சு என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். தோசைக்கு அரைத்துப் போனது என்றாளாம். அப்படியானால் நீங்கள் வாங்க வேண்டியது கிரைண்டர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டில் என் பேச்சுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் மேடத்திடம் போய்விட்டது.

இவ்வளவு பேரின் ஆட்டத்தைப் பார்த்தாரே தவிர, மேடம் ஆடி யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "எனக்கெதுக்குங்க" என்பார்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் மைசூரில் பட்டறைகளுக்கு இடையே செஸ் போட்டி நடக்கும். எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் போவார்கள். லீவு உண்டு, பேர் போட்ட டி-ஷர்ட் உண்டு, ரயிலில் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு போகலாம். அந்த நாலு பேரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குள் ஒரு போட்டி வைப்பார்கள். நான் ஆறு வருஷம் தொடர்ந்து ஐந்தாவதாக வந்தேன். ஐந்தாவதாக வருகிறவருக்கு வேலை என்னவென்றால், ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் நின்று கையசைப்பது. எனக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. அடுத்த வருஷம் ஜூனில் எனக்கு ரிட்டயர்மென்ட். இந்தத் தடவை விட்டால் பிறகு கிடையாது. எப்படியாவது நாலாவது இடத்தைப் பிடித்து ஒரே ஒருமுறை அந்த ரயிலில் ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மைசூரில் குளிரும் என்று ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். பதினொன்றாவது பெயர் மேடத்தினுடையது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது. ஆறு வருஷமாக என் தோல்விகளையெல்லாம் நானே என் கையால் எழுதி, நானே கொண்டுபோய் அவரிடம் கொடுத்திருக்கிறேன். எங்கே பயப்படுவேன், எங்கே அவசரப்படுவேன், எல்லாம் அவருக்குத் தெரியும். என் மனைவிக்குக்கூட அவ்வளவு தெரியாது. நேராக ஸ்டோர்ஸுக்குப் போனேன்.

"என்ன மேடம், திடீர்னு?"

"சும்மா ஆடிப் பாக்கலாம்னுதாண்ணே."

"என் ஆட்டமெல்லாம் உங்க நோட்டுல இருக்கு. இது நியாயமா?"

அவர் உடனே மேஜை டிராயரைத் திறந்து என் நோட்டை எடுத்து நீட்டினார். "நீங்களே வச்சிக்கங்க. எனக்கு மனப்பாடம்."

நினைத்தபடியே கடைசி ரவுண்டில் நானும் அவரும் மோதினோம். நாலாவது இடத்துக்கு இரண்டு பேரும் சமமாக நின்றோம். டிரா ஆனாலே எனக்குப் போதும், ஏனென்றால் சமமாக வந்தால் சர்வீஸில் சீனியருக்குத்தான் இடம். எங்கள் பட்டறையில் டீ வாங்குவதிலிருந்து எல்லாமே சீனியாரிட்டிதான். மன்றத்தில் ஓடுகிற செஸ் கிளாக் ஒன்றே ஒன்று. அது முதல் போர்டில் ஆடும் எங்கள் கேப்டனுக்குப் போய்விடும். ஆகவே எங்கள் மேஜையில் கிளாக் இல்லை, நேரம் தீர்ந்து தோற்கிற பயமும் இல்லை. மேடம் சில மூவுக்கு இருபது நிமிஷம்கூட யோசித்தார். நான் பொறுமையாக இருந்தேன்.

இருபத்தோராவது மூவில் நான் துணிந்து ராணியை வெட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு தைரியமாக நான் ஒன்றும் செய்ததில்லை. மேடம் லேசாகத் தலையை ஆட்டினார். பிறகு எனக்கு ஒரு சிப்பாய் போனது. பரவாயில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு யானை இருக்கிறது, யானை இருக்கும்வரை இது டிராதான் என்று அந்த எண்பது பக்கப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் ராணியை வெட்டி ருசி கண்ட கை சும்மா இருக்கவில்லை. எதற்கு இழுத்துக்கொண்டு என்று யானைக்கு யானையையும் வெட்டிவிட்டேன். யானை போனதும் அந்த ஒரு சிப்பாய் குறைவு பூதாகரமாக நின்றது. இனி என்ன ஆடினாலும் தோல்விதான்.

மேடம் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரகசியம் சொல்கிற குரலில், "இது புதுசுண்ணே" என்றார்.

அழுகை வந்தது. அறுபதை நெருங்குகிற வயதில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவர்கள் கிளம்பின அன்று நான் ஜங்ஷனுக்குப் போகவில்லை. என் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டு போய் மேடத்தை வழியனுப்பிவிட்டு வந்தாள். ஸ்வெட்டரையும் அவரிடம் கொடுத்துவிட்டாளாம். ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

மைசூரில் ஏழு ரவுண்டு. மேடம் ஏழிலும் தோற்றார். திரும்பி வந்த கேப்டன் என்னைத் தேடி வந்து புலம்பினார். "எல்லாமே டைம்ல போச்சுங்க. ஒண்ணுல கூட ஆட்டம் முடியல. எதிர்ல இருக்கிற ஆளையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. கிளாக் ஓடுறது கண்ணுல படவே இல்ல. நீங்க வந்திருந்தா ரெண்டு ஆட்டமாவது தேறியிருக்கும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன். அன்று இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் மேடம் என் செக்‌ஷனுக்கே வந்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் பார்த்த வரையில் அவர் அவ்வளவு மலர்ச்சியாக என்றுமே இருந்ததில்லை. ஏழு தாள்களை நீட்டினார்.

"பத்து இல்லண்ணே, ஏழுதான் கெடைச்சுது. பாத்து எனக்கொரு புத்தகம் சொல்லுங்க."

"நானா? உங்களுக்கா?"

"எனக்குன்னு ஒரு புத்தகம் இதுவரைக்கும் எடுத்ததே இல்லண்ணே. தோத்தாதான எதை எடுக்குறதுன்னு தெரியும். நான் ஆடினதெல்லாம் எங்க வீட்டுக்காரர்கூட மட்டும்தான். அவரு எப்பவும் என்கிட்ட தோத்துருவாரு."

"நல்லா ஆடுவீங்க, அதான்."

"இல்லண்ணே. வேணும்னேதான் தோப்பாரு. அது எனக்கு அப்பவே தெரியும். தெரியும்னு சொன்னா ஆட வராம போயிடுவாரோன்னு சொல்லல. பதினாலு வருஷம் ஆடினோம். ஒருதடவையாவது நெஜமா தோத்துப் பாக்கத்தான் பேர் குடுத்தேன். உங்க எடத்தைப் புடிக்கணும்னு இல்ல. உங்ககிட்ட தோத்துருவேன்னுதான் நெனச்சேன். வேணும்னு தோக்கவும் மனசு வரல."

எனக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு வாரம் அவற்றை ஆடிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் அவர் கையெழுத்து. எதிரே ஆடியவருக்கு என்ன குறை, என்ன படிக்க வேண்டும் என்று ஏழு பேருக்கும் எழுதியிருந்தார். 'இவர் குதிரையை நம்புகிறார், பிஷப் பற்றிப் படிக்கணும்' என்று ஒன்று. 'இவர் நன்றாக ஆடுகிறார். வீட்டில் ஏதோ பிரச்சனை போல' என்று ஒன்று. அவர் குறையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் முன்பக்கத்தில் அது பச்சையாகத் தெரிந்தது. ஏழில் ஆறு ஆட்டங்களில் ராஜாவைப் பத்திரமான மூலைக்குக் கொண்டுபோகவே இல்லை. கேஸ்லிங் செய்ய ஒரே ஒரு மூவ்தான் ஆகும். அடுத்தவர் எங்கே தவறுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் தன் ராஜாவை நடுவிலேயே மறந்துவிட்டிருக்கிறார். ஆட்டம் மெதுவாக நகர்ந்ததால் யாரும் அதைப் பிடிக்கும் முன் நேரம் முடிந்திருக்கிறது. என்னோடு ஆடியபோதும் அப்படித்தான் நின்றது, நான்தான் கவனிக்கவில்லை.

"நீங்க இன்னும் தோக்கல மேடம்" என்றேன். "ஏழும் கிளாக்ல போனது. ஒருத்தனும் உங்களுக்குச் செக்மேட் வைக்கல."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இன்னும் தோக்கலையா?"

"நான் தோக்கடிக்கிறேன். ஜூன் வரைக்கும் டைம் இருக்கு."

மத்தியானம் மத்தியானம் ஆடினோம். கேப்டனிடம் கெஞ்சி கிளாக்கை வாங்கி வந்தேன். முதல் இரண்டு மாதம் அவர் நேரத்தில் தோற்றார். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம். பிறகு அவருக்கு வேகம் வந்துவிட்டது, என்னைத் தினமும் அடித்தார். ராஜா நடுவில் நிற்கிறது என்று தெரிந்தும் எனக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. பீரோவைத் திறக்கச் சொல்லி நானே தேடினேன். நடுவில் நிற்கும் ராஜாவைத் தாக்குவது பற்றி, மூன்றாவது தட்டில் பச்சை அட்டையில் ஒன்று இருந்தது. எதற்கு என்று மேடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் ஆயுளில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது அந்த ஒரு புத்தகம்தான். முப்பத்திரண்டையும் எடைக்குப் போடலாமா என்று என் மனைவி கேட்டாள், போடு என்றேன்.

ரிட்டயர்மென்டுக்கு நாலு நாள் இருந்தது. அன்று மேடம் என் குதிரை எங்கே தவறியது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தவறவில்லை. நான் ராணியைக் கொடுத்தேன், பயப்படவில்லை. அடுத்த மூவில் யானையை நடுவரிசையில் இறக்கினேன். அவருடைய ராஜாவுக்குப் போக இடமில்லை. கிளாக்கில் அவருக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

அவர் எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவோ ஏமாற்றவோ வழியே இல்லை என்று சரிபார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள், ஏனென்றால் மேடம் அழுதுகொண்டிருந்தார்.

பச்சை அட்டைப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"இன்னைக்குத்தாண்ணே என்கூட ஒருத்தர் ஆடியிருக்கார்."